கிளம்பாத ஹெலிகாப்டரைப் பற்றி ஒரு நாவல்: வாசகரையும் பதிப்பாளரையும் தேடிய அனுபவம்

2005 ஜூலை 27-ஆம் தேதி மும்பையில் ஹெலிகாப்டர்கள் தரையிலேயே நின்றன. முந்தைய நாள் தொடங்கிய மழை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியிருந்தது. நகரமே தண்ணீருக்குள் கிடந்தது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, மும்பை ஹை எண்ணெய் வயலில், சமுத்ர சுரக்ஷா என்ற உதவிக் கப்பலின் சமையல்காரர் ஒருவருக்கு இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது. அவரைக் கரைக்குக் கொண்டுவர ஹெலிகாப்டர் இல்லை. பக்கத்திலிருந்த மும்பை ஹை நார்த் தளத்தில் மருத்துவ வசதி இருந்ததால், கப்பலைத் தளத்தை ஒட்டிக் கொண்டுபோய், கிரேன் கூடையில் ஏற்றி அவரை அனுப்ப முடிவு செய்தார்கள். அந்த நெருக்கத்தில் கப்பல் தளத்தின் எரிவாயுக் குழாயில் மோதியது. தீப்பிடித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தளம் சரிந்து கடலுக்குள் போனது. 22 பேர் இறந்தார்கள். 362 பேர் மீட்கப்பட்டார்கள்.

நான் அப்போது மும்பை ஜூஹூவில் ஹெலிகாப்டர் விமானி. விமானப்படையில் இருந்துவிட்டு, எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேலைக்கு வந்திருந்தேன். கிளம்ப முடியாத ஒரு மத்தியானம் விமானியின் மனதில் என்ன செய்யும் என்பதை அதன்பின் வருடக்கணக்கில் உள்ளுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். பறப்பதை நிறுத்திய பிறகுதான் அது நாவலானது. கதையில் வரும் கப்பலும் தளமும் மனிதர்களும் கற்பனை. ஒரு விமானி, ஒரு சமையல்காரர், தாராவியில் காத்திருக்கும் அவர் மனைவி, இந்த மூன்று பேர் வழியாகக் கதை நகரும்.

அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வாசகர்களையும் பதிப்பாளர்களையும் தேடியதில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். வாழ்நாளெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு எழுத வருகிறவர்களுக்கு, அவர் நர்ஸாக இருக்கலாம், ரயில் ஓட்டுநராக இருக்கலாம், இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பதிப்பாளரிடம் போகும் முன் வாசகரிடம் போக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஹெலிகாப்டர் பைலட் எழுதிய நாவல்" என்று சொன்னால் போனில் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிரதிதான் பேச வேண்டும். நமக்குத் தொழில் தெரியும் என்பது நாவல் தெரியும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் முதல் வாசகர்கள்.

நான் முதலில் கொடுத்தது கூடப் பறந்த விமானிகளுக்கு. தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் வாசித்த விதம் தனி. பக்க ஓரமெல்லாம் குறிப்பு. "தளத்தின் ஃபிளேர் எரியும் பக்கம் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லையே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஃபிளேர் என்பது தளத்தில் உபரி எரிவாயுவை எரிக்கும் சுடர். அதன் சூடான காற்றுக்குள் போனால் ஹெலிகாப்டருக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினும் பாதிக்கப்படலாம். அதனால் தென்மேற்குப் பருவக்காற்றில் எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதைத்தான் எந்த விமானியும் முதலில் பார்ப்பார். இன்னொருவர், "உங்க கேப்டன் இந்த வானிலையில் இவ்வளவு கீழே வர மாட்டார், வந்தாலும் பக்கத்தில் இருக்கிற கோ-பைலட் 'கோ அரவுண்ட்' சொல்லிவிடுவார்" என்று எழுதினார். இறங்காமல் மேலே ஏறித் திரும்பச் சுற்றி வா என்பதுதான் அது. சக விமானிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விருப்பம் இருந்தது: இன்னும் எழுது. எஞ்சின் நின்றபின் இறங்கும் ஆட்டோரொடேஷன் பற்றி எழுது, தண்ணீருக்கடியில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் பயிற்சியைப் பற்றி எழுது. தங்கள் வேலையை யாராவது தமிழில் சரியாக எழுதிவிட மாட்டார்களா என்ற ஆசை அது. எனக்கும் அதே ஆசை உண்டு.

அடுத்தது, மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். நாவல் வாசிப்பதையே மூச்சாக வைத்திருப்பவர். விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிரியமில்லை. ஒரு மாதம் கழித்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். நான்காம் அத்தியாயத்தில் எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் எப்படிக் காற்றைக் கொண்டே விசிறியைச் சுழற்றி இறங்கும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதன் நடுவில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில், "தம்பி, நான் இங்கே இறங்கிக்கொண்டேன். 67-ஆம் பக்கத்தில் திரும்ப ஏறினேன்" என்று எழுதியிருந்தார். 67-ஆம் பக்கத்தில் என்ன இருந்தது என்று போய்ப் பார்த்தேன். விமானி வீட்டுக்குப் போன் செய்கிறார், லைன் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் விமானிகள் கூட்டச் சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் நல்ல வாசகர் குறைக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்பதால்தான் சிக்கல். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: ஒரு தொழில்நுட்பத் தகவல் கதையில் ஒருவரின் முடிவை மாற்றுகிறதா? மாற்றினால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும். ஃபிளேர் காற்று இருந்தது, ஏனென்றால் அதனால்தான் கேப்டன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறார், எரிபொருள் கணக்கு மாறுகிறது, பின்னால் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி ஜன்னல் வழியாகத் தளத்தை இரண்டாவது முறை பார்க்கிறார். ஆட்டோரொடேஷன் பக்கங்கள் நான்கு வரியாயின. மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நான்கு வரியில் விமானியின் இடது கை, ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவை அழுத்திக் கீழே வைப்பது மட்டும் இருக்கிறது, அது போதும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது வாசகர்தான் இந்த நாவலை நாவலாக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருக்கிறார். கடலில் எண்ணெய் தோண்டும் ரிக்குகளிலும் கப்பல்களிலும் கேட்டரிங் ஒப்பந்தத்தில் சமைத்தவர். கண் பார்வை மங்கிவிட்டதால் நானே ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வாசித்துக் காட்டினேன். சமையல்காரர் வெங்காயம் நறுக்கும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், கப்பல்ல யாரும் இப்படி நேரா நின்னு நறுக்க மாட்டாங்க. அலை அடிக்கும்லா. இடுப்பை மேடையில முட்டுக் குடுத்து, ஒரு காலைப் பின்னால வச்சு, வெட்டுப் பலகைக்கு அடியில ஈரத்துணியைப் போட்டுத்தான் நறுக்கணும். துணி காஞ்சா பலகை நழுவும்." சொல்லிவிட்டு எழுந்து அடுப்பு மேடையில் அதைச் செய்தும் காட்டினார். அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்கன்னு இருந்த காலத்துல, வீட்டுக்கு வந்த முதல் நாளு இவருக்கு நேரா நிக்க வராது சார்" என்றார் அவர். நாவலில் இப்போது அந்த அக்கா சொன்னதும் இருக்கிறது, காய்ந்துபோகும் துணியும் இருக்கிறது. நான் ஆயிரம் முறை அந்தக் கப்பல்களுக்கு மேலே பறந்திருந்தாலும் அந்தத் துணி எனக்குத் தெரிந்திருக்காது. மேலிருந்து பார்த்தவனுக்கு அடுக்களை தெரியாது.

ஆகவே முதல் வாசகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று வகையினர் வேண்டும் என்பேன்: தொழில் தெரிந்தவர், தொழில் தெரியாத தேர்ந்த வாசகர், கதையில் வரும் வாழ்க்கையை நம் பக்கமிருந்து அல்லாமல் எதிர்ப்பக்கமிருந்து வாழ்ந்தவர். சொந்தக்காரர்களும் நண்பர்களும் படிக்கட்டும், ஆனால் அவர்கள் "சூப்பரா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. கேள்வியைக் கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். "எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்? எதை மறுபடி படித்தீர்கள்? யாருடைய பெயர் மறந்துபோச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும். அப்புறம், வாசித்துக் காட்டும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். சயானில் இருக்கும் மும்பைத் தமிழ்ச் சங்கம் போல ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கமோ வாசகர் வட்டமோ இருக்கிறது. எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கும் பக்கம் எதுவென்று வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

சீருடையிலோ பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் இடத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பணியில் இருப்பவர் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. ஓய்வு பெற்ற பின்னும் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் நம்மை விடாது. தனியார் வேலையில் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தமும் அப்படித்தான். நான் பொதுவெளியில் ஏற்கெனவே வந்த விவரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். தளங்களின் உள்ளமைப்பு, பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் நாவலில் இல்லை. கதைக்கு அவை தேவைப்படவும் இல்லை. இறந்தவர்கள் விஷயத்தில் சட்டத்தைவிடப் பெரிய கடமை இருக்கிறது. 22 குடும்பங்களில் யாராவது ஒருவர் இந்தப் புத்தகத்தை எடுக்கலாம். அவருக்கு அது தன் அப்பாவின் கதையாகத் தெரியக் கூடாது. அதனால் ஊர், வயது, வேலை, சாவு வந்த விதம் எல்லாவற்றையும் மாற்றினேன்.

பிரதியைத் தயார் செய்வது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் பலருடைய பிரதி கவனிக்கப்படாமல் போவது அங்கேதான். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், வேர்டு கோப்பாகக் கொடுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்ததை மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு எல்லாம் இடம் மாறிப்போகும். மாற்றிய பின் ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும். வல்லினம் மிகும் மிகா இடங்களுக்கு அந்த ஆசிரியையே உட்கார்ந்து சிவப்பு மை போட்டார். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பார்கள்தான், இருந்தாலும் முதல் பக்கத்திலேயே ஒற்றுப்பிழை பத்து இருந்தால் இரண்டாம் பக்கத்தை யார் புரட்டுவார்? கூடவே ஒரே பக்கத்தில் கதைச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. முடிவை ஒளித்துவைத்து ஆவலைத் தூண்டும் வேலை பதிப்பாளரிடம் வேண்டாம். பக்கக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். டெமி எனும் வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு இருநூறு வார்த்தைக்குச் சற்று மேலே வரும் என்று வைத்தால், 60,000 வார்த்தை நாவல் 280, 300 பக்கம் போகும். காகித விலையைப் பார்த்துத்தான் பதிப்பாளர் முதல் நாவலை எடை போடுவார் என்பதால் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

சரி, பதிப்பாளர். ஆங்கிலத்தில் இருப்பது போல எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேசும் ஏஜென்ட் என்று ஒருவர் தமிழில் வழக்கத்தில் இல்லை. நேரடியாகத்தான் பேச வேண்டும். ஆனால் எப்போது பேசுகிறோம் என்பது முக்கியம். தமிழ்ப் பதிப்பின் ஆண்டு பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை புத்தகக் காட்சியைச் சுற்றி ஓடுகிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதிப்பகங்களில் அச்சகம், அட்டை, மெய்ப்பு என்று ஆளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில் அனுப்பும் பிரதி அடியில் போய்விடும். பிப்ரவரி முடிந்து மார்ச், ஏப்ரலில் அனுப்பினால் படிப்பார்கள். புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் போங்கள், ஆனால் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு அரங்கிலும் நின்று, யார் எந்த மாதிரி நாவல் போடுகிறார்கள், முதல் புத்தகக்காரர்களுக்கு இடம் தருகிறார்களா, புத்தகத்தின் பைண்டிங் எப்படி இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் சிலரை மட்டும் குறித்துக்கொண்டேன். மீன்பிடி, சுரங்கம், ஆலை என்று உழைப்பைப் பற்றிய நாவல்களை விரும்பிப் போடும் பதிப்பகத்துக்கு என் பிரதி ஏன் பொருந்தும் என்று மின்னஞ்சலில் மூன்று வரியில் சொல்ல முடிந்தது.

அதற்கு முன்பே ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாகத் திருத்தி ஏதாவது இதழுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. அச்சு இதழ்களும் இருக்கின்றன, சொல்வனம் போன்ற இணைய இதழ்களும் இருக்கின்றன. ஒரு கதை வெளிவந்தால் அதைப் படித்து நாலு பேர் எழுதுவார்கள், அந்த நாலு பேர் நாவலுக்கு வாசகர்கள். பதிப்பாளரிடமும் "இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று காட்ட ஒன்று இருக்கும்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது. ராயல்டி பொதுவாக விலையில் 10 சதவீதம் என்று பேசுவார்கள். 400 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் 12,000 ரூபாய். இதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. என்னிடம் ஒரு பதிப்பகம் அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொண்டால் போடுகிறோம் என்றது. அதில் தவறொன்றும் இல்லை, பல நல்ல புத்தகங்கள் அப்படி வந்திருக்கின்றன. ஆனால் எத்தனை பிரதி அடிக்கிறார்கள், எத்தனை என் கைக்கு வரும், மீதியை எங்கே விற்பார்கள், நூலகத்துக்கு அனுப்புவார்களா என்று கேட்டேன். பதில் மழுப்பலாக இருந்தது, விலகிக்கொண்டேன். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் உஷாராகுங்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் அரசு முகமை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பித்தும் வாங்கலாம்.

ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். தமிழில் பெரிய மனிதர்களே வாய்வார்த்தையில் புத்தகம் கொடுத்த வழக்கம் உண்டு, அந்த நட்பை நான் மதிக்கிறேன், இருந்தாலும் ஒரு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை எல்லா எழுத்தாளரும் ஒருமுறை படிக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதி என்று எழுதவில்லையென்றால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லையென்றால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். "அனைத்து உரிமைகளும்" என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்தால் நின்று கேளுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி. அச்சுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை நம்மிடம் வைத்துக்கொள்ளலாம். கிண்டிலில் நாமே போட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். போடலாம்தான், ஆனால் பதிப்பாளரோடு பேச்சு நடக்கும்போது போட்டால் அவருக்கு ஆர்வம் குறைந்துவிடும், அதனால் நான் பொறுத்திருக்கிறேன்.

காத்திருப்பது இந்த வேலையில் பாதி. மூன்று மாதம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் தொந்தரவு வேண்டாம். வந்த மறுப்புகளில் ஒன்று எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. "விமானி பகுதிகள் எங்களைக் கட்டிப்போடவில்லை, தாராவிப் பகுதிகளை இன்னும் படிக்க விரும்பினோம்" என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்தார். நேரம் எடுத்து அப்படி எழுதும் ஆசிரியர் நம் நாவலை முழுக்கப் படித்தவர் என்பதால், இல்லை என்று சொன்னாலும் நன்றி எழுத வேண்டியவர். காத்திருக்கும் மனைவியின் அத்தியாயங்களை அதன்பின் விரித்து எழுதினேன். வெள்ளத்தில் போன் செத்துப்போன தெருவில், எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று தேடிக்கொண்டு அவள் நடப்பது அப்போது சேர்ந்ததுதான்.

இப்போது பிரதி ஒரு பதிப்பகத்தின் வாசிப்பில் இருக்கிறது. கடைசிப் பகுதியைச் சுருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு வகை வாசகர் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் கரையிலிருந்து போன படகுகளிலோ கப்பல்களிலோ இருந்து, கடலில் மிதந்தவர்களைக் கைகொடுத்து மேலே தூக்கியவர்கள். அதில் தமிழர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் இந்த நாவலைப் பற்றிச் சொல்லுங்கள். மீட்பு நடக்கும் அத்தியாயம் நாற்பது பக்கம் இருக்கும், நானே வந்து வாசித்துக் காட்டுவேன், அவர் எந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாலும் அங்கே திருத்துவேன்.